காரம் ஆகாத சித்தி

சித்தி எங்கள் வீட்டுக்கு வாழ வந்த அன்று, வண்டியை விட்டு இறங்கியதும் முதலில் செய்த காரியம் தும்மியதுதான். வாசலில் நின்ற என் அம்மா "வாம்மா" என்று சொல்லி முடிப்பதற்குள் அடுத்த தும்மல். கூடத்துக்குள் கால் வைத்ததும் இன்னொன்று. உட்கார்ந்திருந்த சொந்தபந்தமெல்லாம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டது. புது மாப்பிள்ளையான சித்தப்பா மட்டும் சட்டைப்பையில் இருந்த கைக்குட்டையை எடுத்து நீட்டி, "பின்னாடி மில் ஓடுது. நாளாக நாளாகப் பழகிடும்" என்றாராம்.

பழகவே இல்லை. அம்மா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

எங்கள் வீட்டின் பின்பக்கம் தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை. அதுதான் சித்தப்பாவின் மிளகாய் மில். வாசல் பக்கம் குடித்தனம், பின்பக்கம் இயந்திரம், நடுவில் ஒரு மரக்கதவு. அந்தக் கதவை எவ்வளவு இறுக்கிச் சாத்தினாலும் இடுக்கு வழியாக மிளகாய் நெடி உள்ளே வந்து எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போகும். துணி, தலையணை, என் பள்ளிக்கூடப் பை, எல்லாவற்றிலும் அதே வாசனை. எங்களுக்கு அது வாசனையாகவே தெரியாது.

எங்கள் ஊர் மிளகாய் கட்டைவிரல் நகம் அளவுதான் இருக்கும். பார்த்தால் பரம சாது. ஊரில் அதற்குப் 'பொடியன்' என்று பெயர். "பொடியன் கோவிச்சுக்கிட்டா பெரியவன் அழணும்" என்பார்கள். நாங்கள் பால்குடி மறந்த நாளிலிருந்து அவனோடு பழகியவர்கள். சித்தி அப்படி இல்லை. கடற்கரைப் பட்டணம் ஒன்றில் ரொட்டிக்கடை வைத்திருந்தவரின் மகள். அவள் பிறந்த வீட்டில் மிளகு போட்டாலே அது காரக் குழம்பு.

முதல் நாள் சாப்பாட்டில் அம்மா புது மருமகளுக்காகப் பார்த்துப் பார்த்துக் காரத்தைக் குறைத்துத்தான் வைத்தாளாம். சித்தி ஒரு வாய் எடுத்து வைத்தாள். முகம் சிவந்தது. காது சிவந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் தாரை தாரையாக வழிந்தது. ஆனால் தட்டைத் தள்ளவில்லை. குனிந்த தலை நிமிராமல் கடைசிப் பருக்கை வரை தின்று முடித்தாள். பிறந்த வீட்டை நினைத்து அழுகிறாள் என்று எல்லாரும் நினைத்து, ஆளாளுக்கு ஆறுதல் சொன்னார்கள்.

"அம்மா அப்பா ஞாபகமா? அதெல்லாம் போகப் போகச் சரியாயிடும்மா."

"இல்லீங்க," என்றாள் சித்தி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "குழம்பு."

அன்று கூடமே சிரித்ததாம். சித்தப்பா மட்டும் எழுந்து அடுப்படிக்குப் போய், ஒரு டம்ளர் பாலில் சர்க்கரையைக் கலந்து எடுத்துவந்து அவள் பக்கத்தில் வைத்தார். கட்டிய பெண்டாட்டிக்கு எல்லார் முன்னாலும் பால் கலந்து கொண்டுவந்து வைக்கிற ஆம்பிளையை அந்த ஊர் அதுவரை பார்த்ததில்லை. அதை வைத்து அவரை ஒரு மாதம் ஓட்டினார்கள். அவர் கண்டுகொள்ளவில்லை.

மறுநாளிலிருந்து எங்கள் அடுப்பில் இரண்டு பாத்திரம். பெரிய பாத்திரத்தில் எங்கள் குழம்பு. சின்னப் பாத்திரத்தில் சித்தியின் குழம்பு. ஓரகத்திகள் இரண்டு பேர் ஒரே அடுப்படியில் இருந்தால் சட்டியும் கரண்டியும் பறக்கும் என்று ஊர் எதிர்பார்த்தது. பறக்கவில்லை. "அக்கா, உங்க எரிமலையை இந்தப் பக்கம் தள்ளுங்க, என் குட்டையை அந்தப் பக்கம் வைக்கணும்" என்பாள் சித்தி. "உன் குழம்பு குழம்பா, இல்ல பாத்திரம் கழுவின தண்ணியா?" என்பாள் அம்மா. இப்படியே ஒரு ஆயுசு ஓடியது.

சித்தியிடம் ஒரு விசேஷம் இருந்தது. மில்லில் மிளகாய் வறுக்கும்போது, கூடத்தில் உட்கார்ந்தபடியே தும்மிவிட்டு, "ஏங்க, இந்தத் தடவை கருகப் போகுது, இறக்குங்க" என்று குரல் கொடுப்பாள். சித்தப்பா ஓடிப்போய்ப் பார்த்தால் அடியில் இரண்டு மிளகாய் கறுக்க ஆரம்பித்திருக்கும். "என் பொண்டாட்டிக்கு மூக்கா அது? மில்லுக்கு வச்ச மணி" என்று சித்தப்பா பெருமை அடித்துக்கொள்வார்.

ஒரு வருஷம் மழை சொன்னபடி பெய்து, பொடியன் தோட்டம் கொள்ளாமல் காய்த்தது. வாங்க ஆள் இல்லை. வீட்டு மாடி, பள்ளிக்கூட மைதானம், பேருந்து நிலையத்தின் பின்புறம் என்று எங்கே பார்த்தாலும் சிவப்பாய்க் காய்ந்துகொண்டு கிடந்தது. அப்போதுதான் வியாபாரிகள் சங்கத் தலைவருக்கு அந்த யோசனை வந்தது. அவருக்கு மீசை பெரிது, யோசனைகள் அதைவிடப் பெரிது. "வெளியூர்க்காரங்களை ஒருநாள் இங்க வரவழைப்போம். தின்னு பார்க்கட்டும். பொடியன் ருசி நாக்குல ஏறிடுச்சுன்னா அப்புறம் அவங்களே தேடி வருவாங்க." மிளகாய்த் திருவிழா என்று தட்டி எழுதி ஊர் எல்லையில் கட்டினார்கள்.

எங்கள் தெருவில்தான் விழா. வண்டிகளை நிறுத்திவிட்டு இரண்டு பக்கமும் மேசைகள் போட்டார்கள். வீட்டுக்கு ஒரு மேசை. மிளகாய் ஊறுகாய், மிளகாய் சூப், மிளகாய் தடவிச் சுட்ட சோளம், மிளகாய்ப் பாகு. மருந்துக்கடைக்காரரின் மனைவி மிளகாயில் ஐஸ் செய்து வைத்திருந்தாள். வாயில் வைத்தால் முதலில் குளிரும், பிறகு குடும்பத்தையே திட்டத் தோன்றும். ஒலிபெருக்கியில் அறிவிப்புச் சொல்ல வந்த சைக்கிள் கடைக்காரர் பாதி நேரம் தும்மலைத்தான் ஒலிபரப்பினார். "அன்பார்ந்த பொதுமக்களே, அ... அ..." என்று அவர் இழுத்தாலே தெரு முழுக்கக் காதைப் பொத்திக்கொள்ளும்.

விழாவின் பெரிய நிகழ்ச்சி மிளகாய் தின்னும் போட்டி. கலந்துகொண்டவர்களில் ஒரு லாரி ஓட்டுநர் இருந்தார். ஆள் மலை மாதிரி. தனக்குத்தானே 'இரும்பு நாக்கு' என்று பட்டம் வைத்துக்கொண்டு வந்திருந்தார். மற்றவர்கள் ஒவ்வொருவராகக் கையைத் தூக்கிவிட்டு இறங்க, இரும்பு நாக்கு கடலை கொறிப்பதுபோலக் கொறித்துக்கொண்டே இருந்தார். ஜெயித்தும் விட்டார். கூட்டம் கைதட்டியது. அவர் எழுந்து கும்பிட்டார். கும்பிட்ட கை பிரியவில்லை. முகம் கத்தரிக்காய் நிறத்துக்குப் போனது. "தண்ணி" என்று கத்தினார்.

யாரோ சொம்பை நீட்ட, ஒரே மூச்சில் குடித்தார். எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றிய கதையாயிற்று. இன்னும் தண்ணீர், இன்னும் கூச்சல். அந்த மலை அப்படியே மேடையில் உட்கார்ந்து குழந்தைபோல விசும்பி அழ ஆரம்பித்தது. சுற்றியிருந்தவர்களுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எங்கள் ஊர்க்காரர்கள் யாரும் அதுவரை காரத்தில் மாட்டிக்கொண்டதே இல்லை. அதிலிருந்து எப்படி வெளியே வருவது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

தெரிந்தவள் ஒருத்தி இருந்தாள். சித்தி வீட்டுக்குள் ஓடி, காலையில் காய்ச்சிய பால் பாத்திரத்தை அப்படியே தூக்கிக்கொண்டு வந்தாள். முந்தானையில் அவளே சுட்ட ஒரு ரொட்டி.

"அண்ணே, தண்ணி குடிக்காதீங்க. இதை வாயில வச்சுக்கோங்க, முழுங்காதீங்க. அப்படியே வச்சிருங்க. ம்... இப்ப இந்த ரொட்டியை மெல்லுங்க. அழுதா அழுங்க, ஒண்ணும் தப்பில்ல. நான் தினமும் அழறேன்."

கொஞ்ச நேரத்தில் அவர் முகம் தெளிந்தது. முதலில் கேட்டது, "இந்த ரொட்டி எங்கம்மா வாங்கினீங்க?" என்றுதான்.

அடுத்த வருஷம் விழா வந்தபோது, சங்கத் தலைவர் எங்கள் வாசலில் வந்து நின்றார். "உங்களுக்கும் ஒரு மேசை போட்டிருக்கோம்மா. பாலும் ரொட்டியும் மட்டும் போதும்." மிளகாய்த் திருவிழாவில் மிளகாய் இல்லாத ஒரே மேசை அதுதான். அதற்குத்தான் பெரிய கூட்டம். ஒரு பக்கம் அம்மாவின் ஊறுகாய் மேசை. பக்கத்திலேயே சித்தியின் பால் மேசை. "அக்கா தள்ளிவிடுற ஆளுங்களை நான் தூக்கி விடுறேன்" என்பாள் சித்தி. வெளியூர்க்காரர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வாயைத் திறந்து விசிறிக்கொண்டு அவளிடம் வருவார்கள். சின்னக் குழந்தைகளைச் சித்தி மடியில் உட்கார்த்தி, ரொட்டியைப் பிய்த்துப் பாலில் நனைத்து ஊட்டுவாள். 'பால் அக்கா' என்ற பெயர் அப்படி ஒட்டியதுதான். நாலு வீடு தள்ளி இருப்பவர்களுக்குக்கூட அவளுடைய சொந்தப் பெயர் மறந்துபோனது.

இன்றைக்கும் அந்த நாட்களை நினைத்தால் எனக்கு முதலில் தெருவின் நிறம்தான் கண்ணுக்குள் வருகிறது. விழாவுக்கு முந்தின வாரம் முழுக்கத் தார்ப்பாய் விரித்து வாசலுக்கு வாசல் மிளகாய் காயும். பள்ளிக்கூடம் விட்டு வருகிற நாங்கள் அதை மிதிக்காமல் சுவரோரமாக ஒட்டிக்கொண்டு நடப்போம். சாயங்கால வெயில் அதன்மேல் விழும்போது எதிர்வீட்டுச் சுவர்கூடச் சிவப்பாகத் தெரியும். விழாவன்று உதடு சிவந்த பிள்ளைகள், மூக்கு சிவந்த பெரியவர்கள், நடுவில் மாவு படிந்த கையோடு சித்தி.

சித்தப்பாவுக்கும் அந்த விழாவில் ஒரு பெரிய இடம் இருந்தது. பொடிப் போட்டிக்கு அவர்தான் நடுவர். அவரவர் வீட்டுப் பக்குவத்தில் வறுத்து அரைத்த மிளகாய்ப் பொடியை வெள்ளைத் தட்டுகளில் வைப்பார்கள். தட்டுக்கு ஒரு எண். யாருடையது எது என்று நடுவருக்குத் தெரியாது. சித்தப்பா உள்ளங்கையில் ஒரு சிட்டிகை வைத்து, நாக்கில் தொட்டு, கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். பிறகு ஒரு தட்டைக் காட்டுவார். ஊர் அதைக் கேள்வி கேட்காது. கேள்வி கேட்டவர் ஒரே ஒருத்தர்தான். எதிர்மில்காரர்.

எங்கள் மில்லுக்கு நேர் எதிரே இன்னொரு மில். அதன் சொந்தக்காரரும் சித்தப்பாவும் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். ஒருநாள் காற்று பலமாக அடித்து, தெருவில் எதிரும் புதிருமாகக் காய்ந்த இரண்டு பேருடைய மிளகாயும் கலந்துவிட்டது. பிரிக்க முடியுமா? உன்னுடையது கொஞ்சம், என்னுடையது அதிகம் என்று பேச்சு வளர்ந்து, கடைசியில் இரண்டு பேரும் பேசுவதையே நிறுத்திவிட்டார்கள். கலந்த மிளகாயை யாரும் எடுக்கவில்லை. மழையில் நனைந்து மக்கிப்போனது. வீம்பு மட்டும் மக்கவில்லை. வருஷா வருஷம் எதிர்மில்காரர் போட்டியில் தட்டு வைப்பார். வருஷா வருஷம் தோற்பார். "என் கை வாசம் தெரிஞ்சுதான் தள்ளி வைக்கிறான்" என்று டீக்கடையில் சொல்லிக்கொண்டிருப்பார்.

நான் கல்லூரியில் சேர்ந்த வருஷம் சித்தப்பாவுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. ஆளைப் படுக்கையில் போட்டு உலுக்கிவிட்டுப் போனது. எழுந்து நடமாடத் தொடங்கியவர் முன்போலவே மில்லுக்குப் போனார், முன்போலவே சாப்பிட்டார். கொஞ்சம் பேச்சு குறைந்திருந்தது, அவ்வளவுதான்.

ஒரு மத்தியானம் சித்தி ஏதோ யோசனையில் பாத்திரத்தை மாற்றி, தன்னுடைய சின்னப் பாத்திரத்துக் குழம்பை அவர் தட்டில் ஊற்றிவிட்டாள். ஊற்றிய பிறகுதான் கவனித்தாள். ஐயோ என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் பிசைந்து ஒரு வாய் போட்டு, வழக்கம்போல "ஸ்ஸ்... இன்னிக்குக் காரம் தூக்கல்" என்றார்.

மறுநாள் வேண்டுமென்றே உப்புப் போடாமல் வைத்தாள். "பிரமாதம்" என்றார். அதற்கு மறுநாள் அவர் காப்பியில் சர்க்கரைக்குப் பதில் உப்பு. குடித்து முடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைத்தார்.

அன்று சாயங்காலம் சித்தி அந்த மரக்கதவைத் திறந்துகொண்டு மில்லுக்குள் போனாள். அவளாக உள்ளே போவதே அபூர்வம். மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றாள். நானும் அம்மாவும் கதவோரம் நின்றிருந்தோம்.

"எத்தனை நாளா?" என்றாள்.

"என்ன எத்தனை நாளா?"

"என்கிட்டயேவா?"

அவர் இயந்திரத்தை நிறுத்தினார். பட்டை சுற்றிச் சுற்றி ஓய்ந்த பிறகு சொன்னார்: "காய்ச்சலோட போச்சும்மா. சூடு தெரியுது, குளிர் தெரியுது. மத்தபடி பஞ்சைத் திங்கிற மாதிரி இருக்கு. வாசனையும் இல்ல. காரம் மட்டும் எப்பவாவது லேசா... அடுத்த தெருவில யாரோ சண்டை போடுற மாதிரி கேக்குது."

"சொல்லியிருக்கலாம்ல?"

"மில்காரனுக்கு நாக்கு போச்சுன்னு தெரிஞ்சா ஊரு என்ன சொல்லும்? நீ ஆக்கிப் போடுறதுக்கு 'ஸ்ஸ்'னு சொல்லலைன்னா நீ என்ன நினைப்பே?"

சித்தி அவர் பக்கத்தில் மூட்டைமேல் உட்கார்ந்தாள். நெடியினால் வந்த கண்ணீரா, வேறு கண்ணீரா என்று எங்களுக்குத் தெரியவில்லை. அம்மா என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

வைத்தியர்கள் பார்த்தார்கள். வரலாம், வராமலும் போகலாம் என்றார்கள். விழா நெருங்கியது. சித்தப்பா சங்கத் தலைவரிடம் போய், "இந்த வருஷம் வேற யாரையாவது போடுங்களேன்" என்று மென்று விழுங்கினார். தலைவர் சிரித்தார். "நல்லா இருக்கே! நீங்க இல்லாத போட்டி ஒரு போட்டியா? காய்ச்சல் போயிடுச்சுல்ல, வந்து உட்காருங்க." காரணத்தைச் சொல்ல சித்தப்பாவுக்கு வாய் வரவில்லை. சரி என்று தலையாட்டிவிட்டு வந்தார்.

விழாவன்று நான் பால் மேசையின் பின்னால் சித்தியோடு நின்றிருந்தேன். எதிரே மேடை. வெள்ளைத் தட்டுகள் வரிசையாக இருந்தன. சித்தப்பா முதல் தட்டிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தார். கண்ணை மூடினார். இரண்டாவது தட்டு. மூன்றாவது. அவருடைய முகத்தில் ஒன்றுமே நடக்கவில்லை. நாலாவது தட்டுக்குப் போன கை பாதியில் நின்றது. கூட்டம் சலசலத்தது.

"என்னாச்சு?" என்றார் தலைவர்.

சித்தப்பா ஒலிபெருக்கியைக் கையில் வாங்கினார். அவர் அதில் பேசி யாரும் கேட்டதில்லை.

"எனக்கு ருசி தெரியலைங்க," என்றார். "காய்ச்சல்ல நாக்கு செத்துப்போச்சு. எல்லாத் தட்டும் எனக்கு ஒண்ணுதான். உங்க முன்னாடி பொய்யா கண்ணை மூடி நிக்க முடியலை."

தெரு முழுக்கக் கழுத்தை நீட்டிப் பார்த்தது. எதிர்மில்காரர் கூட்டத்தின் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார். அவரும் எட்டிப் பார்த்தார்.

"எங்க வீட்டுல ஒரு நாக்கு வேலை செய்யுது," என்றார் சித்தப்பா. "இந்த வருஷம் அதுதான் சொல்லும்." பால் மேசைப் பக்கம் கையை நீட்டினார்.

கூட்டம் ஒரு நிமிஷம் புரியாமல் விழித்தது. பிறகு சிரித்தது பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பை நான் அந்தத் தெருவில் கேட்டதில்லை. "பால் அக்காவா!" "மேடைக்கு ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கப்பா!" யாரோ விசில் அடித்தார்கள். "இந்த மனுஷன் என்ன பண்ணி வச்சிருக்காரு?" என்று என்னைக் கேட்டாள். பக்கத்து மேசையிலிருந்து அம்மாதான் சொன்னாள்: "போ. நீ என் குழம்பைச் சொல்ற குத்தத்தையெல்லாம் அங்க போய்ச் சொல்லு."

சிரிப்பு அடங்கும்வரை சித்தப்பா காத்திருந்தார். "சிரிங்க, பரவால்ல. ஆனா ஒண்ணு. நம்ம நாக்கெல்லாம் தேஞ்ச செருப்பு. முள்ளு குத்தினாலும் உறைக்காது. இவ நாக்கு வெறுங்காலு. மண்ணுல சின்னக் கல்லு கிடந்தாலும் சொல்லிடும்."

சித்தி ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு மேடை ஏறினாள். ஒரு பாத்திரம் பாலும் ஒரு ரொட்டியும் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டாள். முதல் தட்டில் சுண்டுவிரல் நுனியைத் தொட்டு நாக்கில் வைத்தாள். கண்ணீர் வந்தது. மூக்கு ஒழுகியது. துடைத்துக்கொண்டாள். உடனே பாலைத் தொடவில்லை. காரம் எங்கே போகிறது, எங்கே நிற்கிறது, எப்போது இறங்குகிறது என்று அதன் பின்னாலேயே நடந்து போகிறவள்போல நின்றாள். அது இறங்கிய பிறகுதான் பால், ரொட்டி. பிறகு அடுத்த தட்டு. இடையில் ஒருமுறை தும்மியதில் ஒரு தட்டின் பொடி பாதி தலைவரின் மீசையில் போய் உட்கார்ந்தது. அதற்கும் சிரித்தார்கள். ஆனால் யாரும் கலையவில்லை. மற்ற மேசைகளில் இருந்தவர்கள்கூட வியாபாரத்தை விட்டுவிட்டு வந்து நின்றார்கள். சித்தப்பா சீக்கிரமே முடித்துவிடுகிற போட்டி அன்று வெயில் சாயும்வரை நடந்தது.

"இதுல காம்போட அரைச்சிருக்காங்க, கசக்குது," என்றாள். "இது போன வருஷத்து மிளகாய். இது நல்லா இருக்கு, ஆனா சும்மா கத்துது, வேற ஒண்ணும் இல்ல." சொல்லச் சொல்ல, தட்டுக்குச் சொந்தக்காரர்கள் கூட்டத்தில் தலையைக் குனிவதும் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து இளிப்பதும் தெரிந்தது.

கடைசியில் ஒரு தட்டைக் கையில் எடுத்தாள். முகம் வீங்கி, உதடு தடித்து, பார்க்கவே பாவமாக இருந்தது.

"இதுதாங்க. இதுவும் சுடுது, நல்லாவே சுடுது. ஆனா சுட்டுட்டு நிக்கலை, போயிடுது. போன பிறகு ஒரு இனிப்பு மாதிரி வருது. கோவத்துல கத்திட்டு, கொஞ்ச நேரம் கழிச்சு வந்து 'சாப்பிட்டியா'ன்னு கேக்கிற ஆளு இருக்காங்கல்ல, அந்த மாதிரி."

எண்ணைப் படித்தார்கள். எதிர்மில்காரருடைய தட்டு.

எதிர்மில்காரர் தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று தெரிந்தும் அசையவில்லை. அவர் மனைவி முதுகில் கையை வைத்துத் தள்ளினாள். மேடைக்கு வந்தார். பரிசுக் கோப்பையைக் கொடுக்க வேண்டியவர் சித்தப்பா. இரண்டு பேரும் இவ்வளவு கிட்டத்தில் நின்று எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது.

"நீ ருசி பார்த்திருந்தா எனக்குக் குடுத்திருப்பியா?" என்று கேட்டார் எதிர்மில்காரர். ஒலிபெருக்கி பக்கத்தில் இருந்ததால் தெருவே கேட்டது.

சித்தப்பா யோசித்தார். "மாட்டேன்," என்றார். "அதுக்குத்தான் நாக்கு போச்சு போல."

எதிர்மில்காரர் முதலில் சிரித்தாரா அழுதாரா என்று சரியாகச் சொல்ல முடியவில்லை. கோப்பையை வாங்கினார். வாங்கிய கையோடு சித்தப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டார். இருவரும் மேடையிலேயே ஓரமாக உட்கார்ந்து ஏதோ பேச ஆரம்பித்தார்கள். சித்தி அங்கே நின்று, "எனக்கு யாராவது ஐஸ் குடுங்களேன்" என்று கெஞ்சியதை யாரும் கவனிக்கவில்லை. "அந்த மருந்துக்கடைக்காரம்மா ஐஸ் வேண்டாம்!" என்று அவளே அவசரமாகச் சொன்னாள்.

சித்தப்பாவின் ருசி திரும்ப வரவே இல்லை. ஆனால் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு நேரம் மாறிப்போனது. அவர் ஒரு வாய் எடுத்து வைத்ததும் சித்தி பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுவாள்: "முதல்ல புளிப்பு வருது. லேசா. அப்புறம் பூண்டு. இன்னிக்கு வெங்காயம் கொஞ்சம் அதிகம் வதங்கிடுச்சு, அதனால இனிக்குது. இப்ப உப்பு." அவர் மெல்லுவதை நிறுத்தி, தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொள்வார். "ம்... ஆமாமா" என்பார். பெரிய பாத்திரத்துக் குழம்பாக இருந்தால் அவள் முதலில் ஒரு சொட்டுத் தொட்டு, கண் கலங்கிக்கொண்டே சொல்லுவாள். "உனக்கு எதுக்கும்மா இந்தச் சித்திரவதை? உன் குழம்பையே ஊத்து, எனக்கு எல்லாம் ஒண்ணுதானே" என்று அவர் சொல்லியும் பார்த்தார். "அது எப்படி? நீங்க சாப்பிட வேண்டியதை நீங்கதான் சாப்பிடணும்" என்று சொல்லிவிட்டாள்.

அதற்குப் பிறகு விழாவுக்கு அவள்தான் நடுவர். பால் மேசையை அம்மா சேர்த்துப் பார்த்துக்கொண்டாள். பொடி கொண்டுவந்தவர்கள் எவ்வளவு எரிகிறது என்பதைவிட, பால் அக்கா என்ன சொல்லப்போகிறாள் என்பதற்காகவே காத்திருந்தார்கள். ஒரு பொடியைப் பற்றி, "புது மருமக மாதிரி, இன்னும் வீட்டோட ஒட்டலை, ஒரு மாசம் வைங்க" என்றாளாம். அந்த வீட்டார் அப்படியே வைத்து, அடுத்த வருஷம் ஜெயித்தார்கள்.

சித்தப்பா ஒரு கோடைகாலத்தில், மில்லில் மதியம் கண்ணயர்ந்தவர் அப்படியே போய்விட்டார். துக்கம் கேட்டு வந்தவர்களில் எதிர்மில்காரர் உட்காரவே இல்லை. நேராகப் பின்பக்கம் போய் இயந்திரத்தைப் போட்டார். அரைக்கக் கொடுத்துவிட்டுப் போனவர்களின் மூட்டைகள் காத்துக் கிடந்தன. துக்க நாட்கள் முடியும்வரை தன் மில்லைச் சாத்திவிட்டு எங்கள் மில்லை ஓட்டினார். பிறகு சித்தியிடம் சாவியைக் கொடுத்துவிட்டு, "எப்ப வேணாலும் குரல் குடும்மா. எதிரேதான் இருக்கேன்" என்று சொல்லிப் போனார். சித்தி மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு அந்த மில்லை ரொம்ப வருஷம் ஓட்டினாள். முழங்கால் ஒத்துழைக்காமல் போன பிறகுதான் எதிர்மில்காரரின் மகளிடம் ஒப்படைத்தாள்.

இப்போது விழா எங்கள் தெருவில் நடப்பதில்லை. கூட்டம் தாங்காமல் ஊருக்கு வெளியே பெரிய மைதானத்துக்குப் போய்விட்டது. வண்டி நிறுத்த இடம், வண்ண விளக்கு, பாட்டுக் கச்சேரி. இந்த வருஷம் நானும் போயிருந்தேன். பழைய மாதிரி இல்லை என்று சொல்ல ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் நன்றாகவே இருந்தது. மிளகாய் காயும் தெருவும், தும்மும் ஒலிபெருக்கியும் என் மனசுக்குள் மட்டும் இருக்கின்றன. அதற்கு மைதானம் என்ன செய்யும்?

வெளிச்சம் மங்குவதற்குள் வீட்டுக்குத் திரும்பினேன். சித்தி, மில் நெடி அவ்வளவாக எட்டாத மாடி அறையில் ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"யாரு நடுவரு?" என்றாள்.

"ஒரு சின்னப் பொண்ணு சித்தி. ஓட்டல்ல சமைக்கிற பொண்ணாம்."

"அவசரப்படாம பார்த்தாளா?"

"பார்த்தா. எல்லாரும் கத்தினாங்க, சீக்கிரம் சீக்கிரம்னு. அவ காதுலயே வாங்கலை."

"அப்படித்தான் இருக்கணும்," என்றாள் சித்தி. பிறகு என்னை மேலும் கீழும் பார்த்து, "நீ எதுவும் சாப்பிட்டிருக்க மாட்ட. கீழ போய்ச் சாப்பிடு" என்றாள்.

சாப்பிட்டுவிட்டு மேலே வந்தபோது அவள் நாற்காலியிலேயே லேசான குறட்டையோடு தூங்கிப்போயிருந்தாள். மைதானத்தில் கச்சேரி தொடங்கிவிட்டதால் மேளச் சத்தம் காற்றில் விட்டுவிட்டுக் கேட்டது. நான் போர்வையை எடுத்து அவள் காலில் போட்டுவிட்டு ஜன்னலைச் சாத்தினேன்.